வந்து மறையும் அதிர்வு

கராஜுக்கு வரும் முறைப்பாடுகளில் என்னை அதிகம் அலைக்கழிப்பது, வாகனத்தைக் கொண்டுவந்து நிறுத்தியதும் காணாமற்போய்விடும் அதிர்வுதான். வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் கிளிநொச்சிக்கு வாரந்தோறும் வந்துபோகும் ஒருவருடைய காரில் இந்தத் தொல்லை மாதக்கணக்காக இருந்தது. வேறொரு கராஜில் சில்லுகளைப் பலன்ஸ் செய்து (சுற்றிலும் எடையைச் சமப்படுத்தி), முன் ரயர் இரண்டையும் மாற்றியும் பயன் கிட்டவில்லை.

மணிக்கு 70 கிலோமீற்றரில் ஒரு சிறிய காரின் சில்லு செக்கனுக்கு ஏறத்தாழ 11 தடவை சுழலும். நிமிடத்துக்கு 2,400 சுற்றில் ஓடும் இயந்திரமோ செக்கனுக்கு 40 தடவை சுழலும். ஆகவே முன்னதன் கோளாறு ஸ்ரியறிங்கில் குலுக்கமாகவும், பின்னதன் கோளாறு வாகனத்தின் உடலெங்கும் பரவும் இரைச்சலாகவும் தெரியும். ஐயமிருந்தால், ஆளரவமற்ற நேரான வீதியில் கியரை நியூற்றலுக்கு மாற்றி, வாகனத்தைத் தன்பாட்டில் ஓடவிட்டுப் பார்க்கலாம். இயந்திரம் தணிந்த பின்னும் அதிர்வு நீடித்தால் குற்றம் சில்லுப் பக்கத்தில்தான். (அவ்வேளை சாவியை மட்டும் திருப்பக்கூடாது, பிறேக்குக்கும் ஸ்ரியறிங்குக்கும் கிடைக்கும் துணைவிசை போய்விடும்.)

இவர் சொன்னது ஸ்ரியறிங் குலுக்கம். எவ்விடத்தில் தொடங்குகிறது என்று கேட்டேன். "கனகராயன்குளம் தாண்டினாப் பிறகு தம்பி, மாங்குளத்தடியிலை நல்லாக் குலுக்கும். முறிகண்டியிலை இறங்கிக் கும்பிட்டிட்டு வெளிக்கிட்டா ஒண்டுமில்லை" என்றார். பிள்ளையாரின் அருளை நான் மறுக்கவில்லை. ஆனால் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, தேநீரும் குடித்து முடிப்பதற்குள் சில்லோடு சுழலும் பிறேக் தட்டான டிஸ்க் சூடேறியிருந்தால் அது ஆறிவிடும் என்பதும் உண்மையே. அங்கிருந்து கிளிநொச்சி கிட்டத்தில் இருப்பதால், அது மீண்டும் சூடேறுமுன்னரே கார் எங்களிடம் வந்துசேர்ந்துவிடுகிறது. பலன்ஸ் பிழை இப்படி ஓய்வெடுத்துக் குணமாவதில்லை.

எனவே அவரையும் ஏற்றிக்கொண்டு வவுனியாப் பக்கமாக ஓடினோம். முறிகண்டியில் தரிக்காமற் போக அவர் உடன்படவில்லை. இத்திசையில் அது தொடக்கத்திலேயே வந்துவிடுவதால் சோதனைக்கு இடையூறு இருக்கவில்லை. அதன்பின் எங்கும் நிற்காமல் சென்றபோது, புளியங்குளத்தை நெருங்குகையில் ஸ்ரியறிங் குலுங்கத் தொடங்கியது. ஓரமாக நிறுத்தி, தொடாமல் ரிம்முக்கு அருகே கையைக் கொண்டுபோனேன். வலது முன்சில்லில் அனல் வீசியது. இடதில் வெதுவெதுப்பே இருந்தது.

கழற்றிப் பார்த்தபோது, டிஸ்க்கை அழுத்தும் பாட் என்ற கட்டைகளைத் தாங்கும் கலிப்பர் நகர்வதற்குரிய ‘பின்’ (pin) என்ற கம்பியின் இறப்பர் உறை கிழிந்து, உள்வீதிகளின் கிரவல் புழுதி கிறீஸுடன் சேர்ந்து இறுகியிருந்தது. பிறேக்கிலிருந்து காலை எடுத்த பின்னும் பாட் முழுமையாக விலகாமல் டிஸ்க்கில் உரசிக்கொண்டேயிருக்க, சூடேறிய டிஸ்க் சீரற்று விரிந்து ஒவ்வொரு சுற்றிலும் பாட்டைத் தட்டியிருக்கிறது. பின்னைத் துப்புரவாக்கி, வெப்பந்தாங்கும் கிறீஸ் இட்டு, புதிய உறை போட்டோம். டிஸ்க்கின் தடிப்பு இடத்துக்கிடம் மாறுபட்டிருந்ததால் டிஸ்க்குகளையும் பாட்களையும் இருபுறமும் சோடியாக மாற்றினோம். இடது முன்சில்லுக் கலிப்பரின் ‘பின்’ இன்னும் இறுகவில்லை என்றாலும், அதே புழுதியில் ஓடியதுதானே என்று அதையும் கழற்றிக் கிறீஸ் இட்டே அனுப்பினேன்.