கிட்டாரும் ஒரு மின்னஞ்சல் பட்டியலும்

ஜனவரி 9

புதுப் பாட்டைப் பதிவேற்றியாயிற்று. பாடுவதைவிடப் படிவம் நிரப்புவதுதான் பெரிய வேலை என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இயற்றியவர் பெயர், வாசித்தவர்கள் பெயர், அட்டைப்படம், வெளியீட்டுத் தேதி, அப்புறம் ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் எழுத்தும் எண்ணுமாக 12 இலக்கத்தில் ஐஎஸ்ஆர்சி என்கிற அடையாளக் குறியீடு. இதில் ஏதாவது மாறிப்போனால் வரவேண்டிய காசு எங்கோ போய் நிற்கும். ஸ்பாட்டிஃபையில் பிளேலிஸ்ட் போடுகிறவர்களின் காதுக்குப் போக வேண்டுமென்றால் வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்னாலேயே அனுப்ப வேண்டும், அப்படி அனுப்பினால் பின்தொடர்கிறவர்களுக்குப் புதுப் பாட்டுகளைக் காட்டும் ரிலீஸ் ரேடார் பட்டியலிலும் அந்தப் பாட்டு வந்துவிடும். பாட்டு முடிந்த அன்றே ஆசையாக வெளியிட்டுவிடுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம், ஒரு வாரத்தில் பாட்டு ஊசிப்போகாது.

பாட்டு வெளியிடும் நிறுவனங்களான லேபிள்கள் செய்துவந்த வேலைகளில் கடைக்குச் சரக்கு அனுப்புவது மட்டும் இப்படி ஒரு படிவமாகச் சுருங்கிவிட்டது. 1998-ல் டெரெக் சிவர்ஸ் என்கிற அமெரிக்க இசைக்கலைஞர் தன் சொந்த சிடியை விற்கத்தான் ஒரு தளம் கட்டினார், நண்பர்கள் 'என்னுடையதையும் போடேன்' என்று வந்து சேர, அது தனிக் கலைஞர்களின் கடையான சிடி பேபி ஆயிற்று. மற்ற இரண்டு வேலைகள், அதாவது முன்பணம் புரட்டுவதும் நாலு பேருக்கு நம்மைத் தெரியவைப்பதும், இன்னும் நம் தலையில்தான்.

ஜனவரி 17

ராத்திரி ரெக்கார்டிங். பகலில் வண்டிச் சத்தம், மின்விசிறியையும் நிறுத்த முடியாது. மைக்கை கிட்டாரின் ஒலித்துளைக்கு நேரே வைத்தால் 'பொம்' என்று அடிக்கிறது. கழுத்தில் 12-வது ஃபிரெட் (குறுக்குக் கம்பி) பக்கம், ஒன்றரைச் சாண் தள்ளி, லேசாகத் திருப்பி வைத்தால் கம்பியின் ஓசையும் மரத்தின் ஓசையும் சேர்ந்து வரும். விரல் நகரும்போது தடிமனான கம்பியில் எழும் கீச்சொலியையெல்லாம் துடைத்துவிடச் சொல்கிறார் வயலின் வாசிக்கும் நண்பர். நான் பாதியை விட்டுவைத்தேன். முழுக்கத் துடைத்தால் கையே இல்லாமல் வாசித்த மாதிரி இருக்கிறது.

சத்தத்தை ஏற்றி அழுத்துவதிலும் இப்போது லாபமில்லை. ஸ்பாட்டிஃபை வழக்கமாக எல்லாப் பாட்டையும் −14 எல்யுஎஃப்எஸ் என்கிற ஒரே சத்த அளவுக்குச் சமப்படுத்தித்தான் ஒலிக்கவிடுகிறது, அதிகமாக அழுத்தியவனுக்கு அழுத்திய குறை மட்டும்தான் மிஞ்சும். மெதுவான இடம் மெதுவாகவே இருக்கட்டும்.

பிப்ரவரி 2

சின்ன வீடியோ ஒன்று திடீரென்று ஓட ஆரம்பித்தது. பாட்டின் நடுவே கம்பி அறுந்து, மிச்சக் கம்பிகளோடு முடித்த துண்டு. பார்த்தவர்கள் எக்கச்சக்கம். முழுப் பாட்டுக்கு வந்தவர்கள் சொற்பம். கேட்பவர்களுக்கு நேராகக் கடிதம் எழுத நான் வைத்திருக்கும் மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கம்பி அறுவதைப் பார்க்க வந்தவர்கள் அறுந்ததும் போய்விட்டார்கள், அதில் என்ன குறை சொல்ல?

ஆனால் இந்த எண்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தால் வேறு சில ஆட்கள் வந்து சேர்வார்கள். 2024-லிருந்து ஸ்பாட்டிஃபையில் முந்தைய 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீமாவது ஓடாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது. அந்த 1,000-ஐ வாங்கித் தருகிறோம், இந்தப் பிளேலிஸ்ட்டில் சேர்க்கிறோம், இவ்வளவு கொடு என்று தினமும் இன்பாக்ஸில் ஒருத்தர். கொடுக்காதீர்கள். எந்திரம் கேட்ட ஸ்ட்ரீம் என்று பிடிபட்டால் பாட்டே போய்விடும், அதே 2024 முதல் நம் பாட்டைத் தளங்களுக்கு அனுப்பும் விநியோகஸ்தருக்கும் அபராதம் போடுகிறார்கள், அவர் அதை யார் தலையில் கட்டுவார் என்று சொல்லத் தேவையில்லை.

பிப்ரவரி 8

கூட்டம் பேசிக்கொண்டே இருக்கிற இடத்தில் வாசித்தேன். கிட்டாரின் ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப்பை ஏற்றினால் ஊளை, இறக்கினால் கேட்காது. கிட்டாரின் உள்காற்று 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் அதிர விரும்பும், ஸ்பீக்கர் அதே இடத்தைத் தட்டினால் பெட்டியே பாட ஆரம்பித்துவிடும். ஒலித்துளையில் ரப்பர் மூடியைச் செருகி, மிக்சரில் தாழ்ந்த ஒலிகளை வெட்டி, ஒருவழியாகச் சமாளித்தேன். கைதட்டினார்கள், பேச்சு நின்றபோது மட்டும். இனி இந்த மாதிரி இடத்துக்குப் பணத்துக்காகப் போகலாம், ஆள் சேர்க்கப் போவதில் பயனில்லை.

பிப்ரவரி 23

வீட்டுக் கச்சேரி. ஒருவர் தன் கூடத்தைக் கொடுத்தார், சோபாவைச் சுவரோரம் தள்ளி, அக்கம்பக்கத்து நாற்காலிகளையெல்லாம் இரவல் வாங்கிப் போட்டார். மைக் இல்லை. முதல் பாட்டில் என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. ஸ்பீக்கர் இல்லாதபோது மூச்சு வாங்குவதுகூட கடைசி வரிசைக்குக் கேட்கிறது, அதனால் கேட்கிறவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். விரலால் மீட்டும் பாட்டில் கடைசி ஸ்வரம் அடங்கும்வரை யாரும் கைதட்டவில்லை, இது மேடையில் எனக்குக் கிடைத்ததே இல்லை.

இடைவேளையில் ஒரு கோடுபோட்ட நோட்டைச் சுற்றுக்கு விட்டேன்: பெயர், மின்னஞ்சல், எந்தப் பாட்டு பிடித்தது. மூன்றாவது பத்திதான் முக்கியம். ஒரு அம்மா, "தம்பி, பாட்டோட பேரு தெரியல, 'அந்த மழை வர்ற பாட்டு'ன்னு எழுதட்டுமா?" என்று கேட்டார். எழுதச் சொன்னேன். அடுத்த கடிதத்தில் அவருக்கு அந்தப் பாட்டின் முதல் வரைவை அனுப்ப முடியும், இதை எந்தத் தளமும் எனக்காகச் செய்யாது. சிலருடைய கையெழுத்து மருந்துச்சீட்டை மிஞ்சியது, பாதி முகவரிகளை அங்கேயே கேட்டுத் திருத்தினேன்.

கனடாவின் பாடகி லொரீனா மெக்கென்னிட் 1985-ல் குவின்லன் ரோடு என்று சொந்த லேபிள் தொடங்கி, தெருவோரத்தில் யாழ் வாசித்து கேசட் விற்றவர். நின்று கேட்டவர்களின் முகவரிகளை அப்போதே சேகரித்தார். பெரிய நிறுவனம் பின்னால் வந்தபோது அவர் கையில் ஏற்கெனவே கேட்பவர்கள் இருந்தார்கள். பேரம் பேசுகிறபோது அது எவ்வளவு தெம்பு!

மார்ச் 6

கலைஞர்கள் தங்கள் பாட்டை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தின் கணக்கு பார்த்தேன். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம், சிடி மாதிரிப் பொருள்களில் 10 சதவீதம் அவர்கள் பங்கு, பணப்பரிமாற்றக் கட்டணம் தனி. வாங்கியவர் சம்மதித்தால் அவருடைய மின்னஞ்சலும் வரும், எனக்கு அதுதான் பெரிசு. ஸ்ட்ரீம் செய்பவர்களில் ஒருத்தரையும் நான் நேராகக் கூப்பிட முடியாது.

மார்ச் 15

வயலின் நண்பருக்கு ஒரு லேபிளிலிருந்து ஒப்பந்தம் வந்திருக்கிறது. இரண்டு பேரும் உட்கார்ந்து படித்தோம். முன்பணம் நல்ல தொகைதான், ஆனால் அவருடைய ராயல்டியிலிருந்து அது முழுக்கக் கழிந்த பிறகுதான் அவர் கைக்கு எதுவும் வரும். மாஸ்டர், அதாவது மூல ஒலிப்பதிவின் உரிமை அவர்களுக்கு. கச்சேரி வருமானத்திலும் டி-ஷர்ட்டிலும் பங்கு. லேபிள் என்றாலே வில்லன் என்று நான் நினைக்கவில்லை. வயலினை வைத்துக்கொண்டு தனியாகப் படிவம் நிரப்பியே காலம் தள்ள எல்லோராலும் முடியாது, விளம்பரத்துக்கு ஆள் வைக்கவும் காசு வேண்டும். 1990-ல் ரைட்டியஸ் பேப் என்று சொந்த லேபிள் தொடங்கி, பெரிய நிறுவனங்களுக்குத் தலையாட்டாத அமெரிக்கப் பாடகி ஆனி டிஃப்ராங்கோ மாதிரி ஓயாமல் ஊர் ஊராக வாசித்துக்கொண்டே இருக்கிற உடம்பும் எல்லோருக்கும் வாய்க்காது.

ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: கலைஞர் சேகரித்த ரசிகர் பட்டியல், ஒப்பந்தக் காலத்திலும் அதற்குப் பிறகும் நிறுவனத்துக்குச் சொந்தம்.

மார்ச் 19

அந்த வரியை எடுக்க முடியுமா என்று நண்பர் எழுதிக் கேட்டிருந்தார். மாஸ்டரைப் பற்றி வேண்டுமானால் பேசலாம், பட்டியலை மட்டும் விட முடியாது என்று பதில் வந்திருக்கிறது. அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த வீட்டுக் கச்சேரிக்குத் தானும் வருவதாகச் சொன்னார், நோட்டை இரண்டாக வாங்கச் சொன்னார், ஒன்று அவருக்கு.