வாயை மூட மறுத்த நோட்டு

அழகான நோட்டு கையில் கிடைத்தால் எனக்கு எழுத வராது. முதல் பக்கத்தில் ஒரு எழுத்து கோணலாகிவிட்டால் மொத்தமும் பாழ் என்று தோன்றும். இப்படி வெறுமையாகவே கிடக்கும் நோட்டுகள் என் அலமாரியில் ஐந்து இருக்கின்றன. வீணாகக் கிடக்கும் தாள்களைச் சேர்த்துக் கையால் கட்டும் நோட்டான ஜங்க் ஜர்னல் கட்டிப் பார்க்க உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம். ஏற்கெனவே அச்சேறி, கசங்கி, கறைபட்ட தாளில் இனிமேல் கெடுப்பதற்கு என்ன இருக்கிறது?

இதுவரை மூன்று கட்டியிருக்கிறேன். முதலாவதைப் பற்றி அதிகம் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பழைய காலண்டர் தாள், ஒரு பக்கம் மட்டும் அச்சான கடிதங்கள், பார்சல் சுற்றி வந்த பழுப்புத் தாள் எல்லாவற்றையும் அடுக்கி, முதுகில் பசை தடவி ஒட்டினேன். மறுநாள் திறந்தபோது பாதி கையோடு வந்துவிட்டது.

இரண்டாவதைத் தைத்தேன். ஆறு தாள்களை நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் 24 பக்கம். அச்சகத்தார் இப்படிப்பட்ட மடிப்பை ஃபாரம் என்பார்கள். மடிப்பிலும் அட்டையின் முதுகிலும் மூன்று துளைகள். உள்ளிருந்து நடுத்துளை வழியாக ஊசியை வெளியே விட்டு, மேல்துளையில் உள்ளே வந்து, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியேறி, மீண்டும் நடுத்துளையில் உள்ளே வர வேண்டும். இப்போது நூலின் இரண்டு நுனிகளும் ஒரே இடத்தில் இருக்கும். நெடுக ஓடும் நூலை நடுவில் விட்டு, இரு பக்கமிருந்தும் முடிச்சுப் போட்டால் தையல் முடிந்தது. முதுகின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு நூல் தாராளமாகப் போதும். மெழுகுவர்த்தியின் மேல் இரண்டு முறை இழுத்துக்கொண்டால் நூல் சிக்காது. இறுக்கும்போது மடிப்பு ஓடும் திசையிலேயே இழுக்க வேண்டும். நான் அவசரத்தில் மடிப்புக்குச் செங்குத்தாக இழுத்தேன். துளை கிழிந்து, ஒரு ஃபாரத்தையே புதிதாக மடிக்க வேண்டியதாயிற்று.

தாளுக்கும் மரத்தைப் போல இழையோட்டம் உண்டு என்பது அப்போதுதான் புரிந்தது. மடிக்காமல் லேசாக வளைத்துப் பாருங்கள்; ஒரு திசையில் இணங்கும், மறு திசையில் முறுக்கிக்கொள்ளும். இணங்கும்போது வளைவு இழைக்கு இணையாக இருக்கும்; அந்த இழை முதுகுக்கு இணையாக அமைந்தால் பக்கம் சமர்த்தாகப் படியும். ஏ4 தாளில் பெரும்பாலும் இழை நீளவாக்கில் ஓடுவதால், அதைப் பாதியாக மடிக்கும்போது அது சற்று முரண்டு பிடிக்கத்தான் செய்யும். பெரிய பழுப்புத் தாளாக இருந்தால் நம் விருப்பப்படி வெட்டிக்கொள்ளலாம்.

தையல் நின்றது. ஆனால் டிக்கெட், துணித்துண்டு, உலர்ந்த இலை என்று ஒட்ட ஒட்ட, பசித்த பறவைக்குஞ்சு போல நோட்டு வாயைப் பிளந்துகொண்டது. புத்தகங்களை மேலே அடுக்கி இரண்டு நாள் வைத்தும் மூடவில்லை. வெறும் தாளின் தடிமனை மட்டும் அளந்து முதுகு வைத்ததுதான் தவறு. மூன்றாவதில் முதுகை இரட்டிப்பு அகலமாக்கினேன். ஃபாரங்களுக்கு நடுநடுவே இரண்டு சென்டிமீட்டர் மட்டுமே நீட்டிக்கொண்டிருக்கும் குறுகிய தாள்களையும் சேர்த்துத் தைத்தேன். பின்னால் ஒட்டப்போவதற்கு அவை இடம் பிடித்து வைக்கின்றன. செருப்புப் பெட்டியில் வெட்டிய அட்டை இப்போது ஒழுங்காக மூடுகிறது.

கடை ரசீதுகளை மட்டும் நம்பாதீர்கள். அவற்றில் பல சூட்டில் அச்சாகும் ரசாயனத் தாள். நாளடைவில் எழுத்து மறைந்துவிடும். வேண்டியதை நகல் எடுத்து ஒட்டுவது நல்லது. செய்தித்தாள் பழுப்பேறும், அதை நான் மறுக்கவில்லை. மரத்தில் இயல்பாகவே உள்ள லிக்னின் என்ற பொருள் மரக்கூழில் இருக்கும்வரை அப்படித்தான். எனக்கு அந்த நிறம் பிடிக்கும்.

எனக்கு ஆகப் பிடித்த பொருள் அலுவலகக் கடித உறை. உள்ளே இருப்பது வெளியே தெரியாமலிருக்க, அதன் உட்புறம் முழுக்க நீலத்தில் பொடிப்பொடிக் கோலங்கள் அச்சிட்டிருப்பார்கள். இத்தனை வருடமாக அதைப் பார்க்காமலே கிழித்து எறிந்திருக்கிறேன். மூன்றாவது நோட்டில் ஓர் உறையைப் பிரித்து, உட்புறம் வெளியே வருமாறு திருப்பி மடித்துப் பையாக்கினேன். முகவரி தெரிவதற்கான கண்ணாடித்தாள் சன்னல் அப்படியே இருக்கிறது. அதன் வழியாகப் பழைய கடிதத்தின் ஒரே ஒரு வரி தெரிகிறது: "மற்றவை நேரில்."

முதல் பக்கமாக அமைந்தது பள்ளிக்காலத்துக் கணக்கு நோட்டின் தாள். நான் போட்ட கழித்தல் தப்பு; மேலே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. அதன் கீழேயே பேனாவை வைத்து எழுத ஆரம்பித்தேன், கை தயங்கவில்லை. நான்காவதற்குத் தாள் போதவில்லை. அலமாரியிலிருந்த ஐந்து நோட்டுகளில் ஒன்றை நேற்றிரவு பிரித்துவிட்டேன்.