பழைய வினாத்தாள்களில் கிராஜுவேஷன்: எதை எடுப்பது, எதைக் கவனிப்பது

ஆக்சுவரியல் (காப்பீட்டு இடர் கணிப்பு) தேர்வில் சிஎஸ்2 என்ற தாள் வந்தது 2019-இல். அதற்கு முன் சிடி4, 2005-க்கு முன் 104. இறப்பு விகிதங்களைச் சீராக்கும் கிராஜுவேஷன் பகுதிக்கு இந்தப் பழைய தாள்கள் இன்றும் நன்றாகவே உதவுகின்றன. லீ-கார்ட்டர், பி-ஸ்ப்ளைன் போன்ற இறப்பு விகிதக் கணிப்பு முறைகளுக்கு மட்டும் புதிய தாள்களுக்குத்தான் போக வேண்டும்.

கேள்விகளை ஆண்டுவாரியாகப் போடாமல் சோதனைவாரியாக (சீராக்கிய விகிதம் தரவோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் சோதனைகள்) பிரித்துப் போட்டது எனக்கு வசதியாக இருந்தது. கணக்கைத் தொடுமுன் கொடுத்திருப்பது qவா (ஓராண்டுக்குள் இறக்கும் நிகழ்தகவு) μவா (கணநேர இறப்பு வீதம்) என்று பார்த்துவிட வேண்டும் (இனி இவற்றைக் க்யூ, மியூ என்கிறேன்). க்யூ என்றால் இறப்பு எண்ணிக்கைக்குப் பைனாமியல் பரவல். மாறுபாட்டில் (1 − க்யூ) வரும். மியூ என்றால் பாய்சான், அது வராது. இளம் வயதுகளில் இரண்டும் ஒன்றுபோலத்தான். க்யூ 0.15 ஆகும் முதிய வயதில் இசட் மதிப்பு (விலகலை அதன் திட்ட விலக்கத்தால் வகுத்தது) 8% வரை தள்ளிப்போகும்.

மதிப்பெண் அதிகம் போவது கை-ஸ்கொயரில் (இசட் வர்க்கங்களின் கூட்டுத்தொகை), அதுவும் டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடமில் (வயதுகளின் எண்ணிக்கையில் பொருத்தியதற்குக் கழித்தது போக மீதி). 20 வயதுகள், மேக்கம் சூத்திரம் என்றால் மூன்று அளவுருக்கள் போக 17. 5% எல்லை 27.59. கழிக்காமல் 20 என்றே வைத்தால் எல்லை 31.41. விடை 29 வந்தால் முடிவே தலைகீழாகிவிடும். ஸ்டாண்டர்டு டேபிளை (ஏற்கெனவே வெளியான இறப்பு அட்டவணை) வைத்துச் சீராக்கியிருந்தால், அளவுருக்களோடு டேபிளைத் தேர்ந்ததற்கும் கொஞ்சம் கழிக்க வேண்டும். எவ்வளவு என்பது நம் கணிப்பு, காரணத்தை எழுதிவிட வேண்டும். கையால் வரைந்த கோடு என்றால் பத்து வயதுக்கு இரண்டோ மூன்றோ. எதிர்பார்க்கும் இறப்பு 5-க்குக் கீழே போகும் வயதுகளைப் பக்கத்து வயதோடு சேர்த்த பிறகுதான் எண்ண வேண்டும்.

வர்க்கம் எடுத்ததும் விலகலின் கூட்டல் கழித்தல் குறி போய்விடுகிறது. அதனால்தான் மற்ற சோதனைகள். 20 வயதில் 14 கூட்டல், 6 கழித்தல் என்று வைப்போம். குறிகளின் எண்ணிக்கையைப் பார்க்கும் சைன்ஸ் டெஸ்ட் இருபக்கச் சோதனை, நிகழ்தகவு 0.115, நிராகரிக்க முடியாது. 15-5 என்றால் 0.041, நிராகரிக்கலாம். அதே 14-6-இல் கூட்டல் குறிகள் எத்தனை கொத்தாக நிற்கின்றன என்று பார்ப்பது குரூப்பிங் ஆஃப் சைன்ஸ். இது ஒருபக்கச் சோதனை. கொத்து குறைவாக இருந்தால்தான் சிக்கல். மூன்று அல்லது அதற்குக் குறைவு வர நிகழ்தகவு 0.078, இரண்டுக்கு 0.007. ஆக, இரண்டு கொத்து என்றால் நிராகரிப்பு. பலர் இதையும் இருபக்கமாகப் போட்டு மதிப்பெண்ணை விடுகிறார்கள்.

விலகல்களின் கூட்டுத்தொகையைப் பார்க்கும் கியூமுலேட்டிவ் டீவியேஷனில் ஒரு பொறி உண்டு. மொத்த இறப்பும் மொத்த எதிர்பார்ப்பும் சமமாகும்படியே பொருத்தியிருந்தால் கூட்டுத்தொகை தானாகவே பூஜ்யம்; சோதனைக்கு அர்த்தமே இல்லை. கேள்வியில் பொருத்திய முறையை ஒரு வரியில் சொல்லியிருப்பார்கள், அதைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

எக்ஸாமினர்ஸ் ரிப்போர்ட்டைக் கடைசியில் திறப்பது நல்லது. கருதுகோள், புள்ளியளவு, அதன் பரவல், முடிவு, இவற்றோடு அந்தச் சோதனை எந்தக் குறையைப் பிடிக்கும் என்பதையும் எழுதியிருக்கிறோமா என்று ஒப்பிட அது போதும்.

பழைய தாளின் அட்டவணையை அப்படியே ஆர் மென்பொருளில் தட்டிக் கைக்கணக்கைச் சரிபார்க்கலாம். கொத்துகளின் எண்ணிக்கை ஹைப்பர்ஜியோமெட்ரிக் பரவல் என்பதால் பிஹைப்பர் (phyper) ஃபங்ஷனில் 3, 7, 13, 14 கொடுத்தால் மேலே சொன்ன 0.078 வரும். 7 என்பது கழித்தல் குறிகளோடு ஒன்று, 13 என்பது கூட்டல் குறிகளில் ஒன்று குறைவு.