தாடை மூட்டு வலியும் மூன்று பரிசோதனைகளும்

எனக்கு இது காது வலியாகத்தான் தொடங்கியது. வலது காதுக்கு முன்னால் குடைச்சல், காலையில் எழுந்தால் கன்னமெல்லாம் இறுக்கம். இஎன்டி மருத்துவர் காதைப் பார்த்துவிட்டு, மூன்று விரல்களைச் சேர்த்துச் செங்குத்தாக வாய்க்குள் வைக்கச் சொன்னார். இரண்டுதான் நுழைந்தன. "காது நல்லாத்தான் இருக்கு, தாடை மூட்டைக் காட்டுங்க" என்று முகத்தாடை அறுவை நிபுணரிடம் அனுப்பிவைத்தார்.

அவர் உடனே படம் எடுக்கச் சொல்லவில்லை. இரு காதுகளுக்கும் முன்னால் விரலை வைத்து, வாயை மெல்லத் திறந்து மூடச் சொன்னார். மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் இடையே ஸ்கேல் வைத்து அளந்தால் 28 மி.மீ. சாதாரணமாக 40-க்கு மேல் இருக்க வேண்டுமாம். திறக்கும்போது தாடை வலப்பக்கம் கோணியது. "முன்னாடி டக்குனு சத்தம் வருமா?" என்று கேட்டார். பல வருடங்களாக வந்தது, சமீபத்தில்தான் நின்றது என்றேன். அதை அவர் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டார்.

மண்டையோட்டுக்கும் தாடை எலும்பின் தலைக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு டிஸ்க் (வட்டு) இருக்கிறது. அது முன்னால் நழுவியிருந்தால், வாயைத் திறக்கும்போது எலும்பு அதன்மேல் ஏறுகிற சத்தம்தான் அந்த 'டக்'. டிஸ்க் முன்னாலேயே சிக்கிக்கொண்டால் சத்தமும் வராது, வாயும் முழுசாகத் திறக்காது.

முதலில் ஓபிஜி, அதாவது இரு தாடைகளையும் பற்களையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே. சின்னக் குச்சியை முன்பல்லால் கடித்து நிற்க, கருவி தலையைச் சுற்றி வருகிறது, சில நொடிகளில் முடிந்துவிடும். ஞானப்பல் கோளாறோ எலும்பு முறிவோ எதுவும் இல்லை என்று தெரிந்தது. 'ஓபிஜி நார்மல், ஒன்றுமில்லை' என்று இதோடு நின்றுவிடுபவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. டிஸ்க் எலும்பு அல்ல, ஓபிஜியில் அது தெரியவே தெரியாது. எலும்புத் தேய்மானத்தை நுணுக்கமாகக் காட்டுவது சிபிசிடி என்ற முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன். எனக்கு நறநறவென்ற உரசல் இல்லாததால் இப்போதைக்கு அந்தக் கதிர்வீச்சு வேண்டாம் என்றார் மருத்துவர்.

அப்புறம் எம்ஆர்ஐ. வாயை மூடி ஒரு சுற்று, திறந்தபடி ஒரு சுற்று. திறந்தே இருக்க ஊசி சிரிஞ்சின் குழாயைப் பற்களுக்கு நடுவே வைத்தார்கள். எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், விழுங்கினால் தாடை அசையும், படம் கலங்கிவிடும். அதைத் தாங்குவதுதான் சிரமம்.

இடப்பக்கப் படத்தில் டிஸ்க், நடுவில் மெலிந்த கறுப்புத் துண்டாக எலும்பின் தலைமேல் ஒழுங்காக இருந்தது. வலப்பக்கத்தில் முன்னால் நழுவி மடங்கிக் கிடந்தது. வாய் திறந்த படத்திலும் அங்கேயேதான். கையால் தொட்டுக் கண்டதையே படமும் சொன்னது.

ஆனால் வலியே இல்லாத பலருக்கும் எம்ஆர்ஐ எடுத்தால் டிஸ்க் நழுவியிருக்கும், அதனால் படத்தை மட்டும் வைத்துச் சிகிச்சையை முடிவு செய்யக் கூடாது என்று அவர் சொன்னதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2014-இல் வெளியான டிசி/டிஎம்டி என்ற, தாடை மூட்டுக் கோளாறுகளுக்கான நோயறி அளவுகோலும், நோயாளி சொல்வதையும் தொட்டு அளந்து பார்ப்பதையும்தான் முதலில் வைக்கிறது.

மென்மையான சாப்பாடு, வெந்நீர் ஒத்தடம், இரவில் பற்களின்மேல் மாட்டிக்கொள்ளும் ஸ்பிளிண்ட், தாடைப் பயிற்சி என்று சிகிச்சை போகிறது. சரியாகாவிட்டால் ஊசி வழியே மூட்டைக் கழுவலாம் என்றார், அதற்குத் தேவை வரவில்லை. இப்போது 37 மி.மீ. திறக்கிறது. டிஸ்க் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்க வேண்டிய அவசியமில்லை, வலி குறைந்து வாய் திறந்தால் போதும், அதனால் மறுபடி எம்ஆர்ஐ வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.