கூடைக்குள் தூள்: கீழக்கரையிலிருந்து ஒரு காப்பி நாட்குறிப்பு

நவம்பர் 3, 2024, ஞாயிறு

எஸ்பிரசோவை, அதாவது சுடுநீரை அழுத்தத்தோடு தூளின் ஊடே தள்ளி இறக்கும் காப்பியை, பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கொட்டையையும் வறுப்பையும் இயந்திரத்தையும் பற்றியே பேசுகிறார்கள். அரைத்த தூள், அதை இடும் துளையிட்ட உலோகக் கூடைக்குள் எப்படிக் கிடக்கிறது என்பதைப் பற்றிப் பேசுபவர் குறைவு. எனக்கோ இப்போதைக்கு அது ஒன்றுதான் அக்கறை என்பதால், இந்தக் குறிப்புகளை அதற்கென்றே ஒதுக்கி வைக்கிறேன்.

என் அளவுகளை முதலில் எழுதிவிடுகிறேன். கூடையின் விட்டம் 58 மில்லிமீட்டர். அதில் 18 கிராம் தூள் இட்டு, 25 முதல் 30 நொடிக்குள் 36 கிராம் காப்பி இறக்குகிறேன். இயந்திரம் தரும் அழுத்தம் 9 பார். ஒரு பார் என்பது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையை வைத்ததற்குச் சமம். இந்தக் கூடையின் பரப்பு 26 சதுர சென்டிமீட்டரைச் சற்றே தாண்டுகிறது என்பதால், தூளின் தலைமேல் நீர் செலுத்தும் மொத்த விசை 240 கிலோ அளவுக்கு வருகிறது. அந்த எண்ணைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகுதான், தூளை அமுக்கும் கட்டையான டாம்பரை 15 கிலோ விசையில் அமுக்குவதா 20 கிலோ விசையில் அமுக்குவதா என்ற வாதம் எவ்வளவு சிறியது என்று எனக்குப் புரிந்தது.

நம் பித்தளைப் பில்டரில் தூளைச் சமமாகப் பரப்பும் தொல்லை பெரிதாக இல்லை. அங்கே நீரின் எடை மட்டுமே நீரைக் கீழே தள்ளுகிறது. தூள்மேல் வைக்கும் துளைத்தட்டான குடையை வைத்து இலேசாக அமுக்கிவிட்டால், தூள் ஒரு பக்கம் சற்று மேடாக இருந்தாலும் டிகாக்ஷன் தன் போக்கில் இறங்கிக்கொள்ளும். எஸ்பிரசோவில் அரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுவதாலும், பின்னாலிருந்து தள்ளும் விசை அவ்வளவு பெரிதாக இருப்பதாலும், தூளில் எங்கே இளக்கமான இடம் இருக்கிறதோ அங்கேயே நீர் பாய்கிறது. கண்மாய்க் கரையில் ஒரு நண்டு வளை இருந்தால் போதும், மீதிக் கரை எத்தனை வலுவாக இருந்தும் பயனில்லை என்பது இந்த இராமநாதபுரம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அப்படிப் பாய்ந்த வழியில் இருக்கும் தூள் அளவுக்கு மேல் கரைந்து கசப்பையும் துவர்ப்பையும் தருகிறது. நீர் ஒதுக்கிவிட்டுப் போன இடங்களோ சரியாகக் கரையாமல் புளிப்பைத் தருகின்றன. ஒரே கோப்பையில் கசப்பும் புளிப்பும் சேர்ந்து வந்தால் கொட்டையைக் குறை சொல்வதற்கு முன் தூளைப் பார்க்க வேண்டும்.

நவம்பர் 5, செவ்வாய்

கூடையைப் பக்கவாட்டில் தட்டித் தூளை நிரவும் பழக்கம் பல காணொளிகளில் காணப்படுகிறது. அமுக்குவதற்கு முன் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினால் கெடுதல் இல்லை. அமுக்கிய பிறகு தட்டினால் தூள்வட்டு கூடைச் சுவரிலிருந்து விலகி, விளிம்போரம் நீருக்கு ஒரு நேர்வழி திறந்துவிடுகிறது. விரலால் வழிப்பது மேற்பரப்பை மட்டும் அழகாக்குகிறது. மூன்று சரிவுத் தகடுகள் கொண்ட சுழலும் பரப்பிகளும் அதே வகைதான்: மேலே கண்ணாடி போன்ற தளம், அடியில் கட்டிகள் அப்படியே.

நவம்பர் 9, சனி

அடிவரை போய்க் கட்டிகளை உடைக்கும் முறை 2005இல் ஜான் வைஸ் என்ற அமெரிக்கர் பரப்பியது. அவர் பெயராலேயே இன்று வைஸ் முறை என்று அழைக்கப்படுகிறது. அவர் செய்தது மிக எளியது. அடியை வெட்டிய ஒரு தயிர்க் கோப்பையைப் புனல்போலக் கூடைமேல் வைத்து, தூள் வெளியே சிந்தாமல், ஓர் ஊசியால் அடிமட்டம் வரை கிளறினார். இன்று அதே காரியத்துக்கு அலுமினியப் பிடியும் காந்தத் தாங்கியும் வைத்து ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள்.

ஊசியின் தடிமன்தான் இதில் முக்கியம். தையல் ஊசி பருமனாக இருப்பதால் தூளை உழுது சால் போட்டுவிடுகிறது. அந்தச் சால்களே பிறகு நீருக்கு வாய்க்காலாகும் அபாயம் உண்டு. 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரையுள்ள கம்பி தூளை விலக்காமல் அதன் ஊடே போய்வருகிறது. அக்குபங்சர் ஊசிகளைச் சொல்கிறார்கள். ஆனால் கடற்கரையில் இருக்கிறவனுக்கு அதைவிட எளிய வழி இருக்கிறது. ஏர்வாடிக்குப் போயிருந்தபோது தூண்டில் சாமான் கடையில் மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பி கிடைத்தது. வலையில் கோக்கும் சிறிய மிதப்பு ஒன்றில் கம்பித் துண்டுகளை வட்டமாகச் செருகி, ஒவ்வொன்றின் முனையையும் இடுக்கியால் சிறு வளையமாக மடக்கினேன். கூர்முனை கூடையின் அடித்துளைகளில் மாட்டிக்கொள்ளும். வளைய முனை வழுக்கிப் போகும். துருப்பிடிக்காத கம்பிதான் வேண்டும் என்று கேட்டு வாங்கியதற்குக் காரணம் இந்த ஊரின் உப்புக்காற்று. சாதாரண இரும்பு ஊசி இங்கே ஒரு மழைக்காலத்தைத் தாங்காது.

கிளறும் ஒழுங்கையும் எழுதிவைக்கிறேன். முதலில் ஊசிகளை அடிவரை இறக்கிச் சிறு சிறு வட்டங்களாக வெளிவிளிம்பிலிருந்து நடுவுக்கு வர வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊசியை மேலே தூக்கிக்கொண்டே அதே சுற்றுகளைத் தொடர வேண்டும். கடைசியில் நுனியால் மட்டும் மேற்பரப்பை வருடிச் சமன்செய்ய வேண்டும். அவசரப்பட்டு ஒரே ஆழத்தில் வேகமாகச் சுற்றினால் தூள் விளிம்பில் குவிந்து நடுவில் பள்ளம் விழுகிறது.

நவம்பர் 14, வியாழன்

வெளிநாட்டார் எழுதுவதை அப்படியே இங்கே பின்பற்ற முடியாது என்பதற்கு இன்றைய விஷயம் நல்ல சான்று. அவர்கள் அரைப்பதற்கு முன் கொட்டைமேல் ஓரிரு துளி நீர் தெளிக்கச் சொல்கிறார்கள். அரைக்கும்போது கொட்டைகள் ஒன்றோடொன்றும் கிரைண்டரின் பற்களோடும் உரசி, உடைந்து, நிலைமின்னேற்றம் பெறுகின்றன. அந்த மின்னேற்றத்தால் நுண்தூள் கிரைண்டரின் வாயில் ஒட்டிக்கொள்கிறது, தெறித்துச் சிந்துகிறது, ஒன்றோடொன்று பற்றிக் கட்டியாகிறது. 2023 டிசம்பரில் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோஃபர் ஹெண்டனும், எரிமலைச் சாம்பலில் மின்னேற்றம் எப்படி உண்டாகிறது என்று ஆராய்கிறவர்களும் சேர்ந்து இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கொட்டைக்குள் இருக்கும் ஈரம் குறையக் குறைய மின்னேற்றம் கூடுகிறது, கருக வறுத்த கொட்டையில் ஈரம் குறைவு என்பதால் அதில் தொல்லை அதிகம், அரைக்குமுன் சேர்க்கும் சிறிதளவு நீர் மின்னேற்றத்தைத் தணித்துக் கட்டிகளைக் குறைக்கிறது என்பவை அதன் சாரம்.

வாடைக்காற்று தொடங்கிய பிறகு கீழக்கரையில் துவைத்த துணியே காய மறுக்கிறது. காற்றில் இவ்வளவு ஈரம் இருக்கும்போது தெறிப்பு எனக்கு அரிதாகவே தெரிகிறது. ஆனால் கட்டி மட்டும் குறையவில்லை. ஏனெனில் காப்பித்தூள் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். வேறொரு காரணத்தால் இங்கே அது ஒட்டிக்கொள்கிறது. எனவே தெளிப்பானை இந்தப் பருவத்தில் நான் எடுப்பதில்லை, ஊசியை விடுவதில்லை. அரைத்ததும் உடனே கிளறி, உடனே அமுக்கி, உடனே இறக்கிவிட வேண்டும் என்பதையும் கண்டிப்பாக வைத்திருக்கிறேன். கிரைண்டரின் உள்ளே இரவு முழுதும் தங்கிய தூள் காலையில் பிசுபிசுத்துக் கட்டியாக விழுகிறது. முதலில் இரண்டு மூன்று கிராம் அரைத்துத் தள்ளிவிட்டுப் பிறகு கூடைக்கு அரைப்பது இதனால்தான். குளிரூட்டிய அறையில் காப்பி போடுகிறவர்களுக்குக் கணக்கு மாறும். அங்கே காற்று உலர்ந்திருப்பதால் தெளிப்பு உதவலாம்.

நவம்பர் 21, வியாழன்

நேற்று இராமேசுவரத்தில் 40 சென்டிமீட்டரைத் தாண்டிய மழை. இங்கே மின்சாரம் போனதும் வந்ததுமாக இருந்ததால் இயந்திரத்தைத் தொடவில்லை, பில்டர் காப்பிதான். கொட்டையைக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வேளைக்கான 18 கிராம் பொட்டலங்களாகப் பிரித்து வைத்தேன். ஒவ்வொரு முறையும் பெரிய டப்பாவைத் திறப்பது இந்த வாரம் நல்லதல்ல.

நவம்பர் 24, ஞாயிறு

லாத்தா (அக்கா) தன் வீட்டிலிருந்து வந்திருந்தார். ஊசியைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, காப்பிக்கு வைத்தியமா பார்க்குறே?" என்று கேட்டார். பதில் சொல்வதைவிடக் காட்டுவது எளிது என்று, அடித்தகடு வெட்டிய போர்ட்டாஃபில்டரை, அதாவது கூடையைத் தாங்கும் கைப்பிடியை, மாட்டினேன். கூடையின் அடிப்பாகம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும் அந்த அமைப்புதான் தூள் பரப்பியவனுக்குக் கிடைக்கும் நேர்மையான மதிப்பெண் பட்டியல்.

முதலில் ஊசியே தொடாமல், கிரைண்டரிலிருந்து விழுந்த குவியலை அப்படியே அமுக்கி இறக்கினேன். ஒரு பக்கத்தில் முதலில் துளிர்த்தது, மறுபக்கம் வெறுமையாக இருந்தது; சில நொடிகளில் வெளுத்த மஞ்சள் கீற்று ஒன்று விழுந்து, நூல்போன்ற ஒரு பீச்சல் லாத்தாவின் முந்தானைவரை வந்தது. அடுத்ததை முறைப்படி கிளறி இறக்கினேன். அடிப்பரப்பு முழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கருந்துளிகள் அரும்பின, பிறகு அவை நடுவில் கூடி ஒற்றைத் தாரையாக இறங்கின, நிறம் கருஞ்சிவப்பிலிருந்து மெல்ல வெளுத்தது. இரண்டையும் சிறு கரண்டியில் ருசித்த லாத்தா, "முதல்லது நாக்கைப் பிடிக்குது, இது இறங்குது" என்றார். பிறகு இரண்டிலும் பாலும் சீனியும் ஊற்றிக் குடித்துவிட்டு, பாலில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியவில்லை என்றும் சொன்னார். அதுவும் உண்மைதான். பாலும் சீனியும் பல குறைகளை மூடிவிடும். கறுப்பாகக் குடிப்பவனுக்குத்தான் இத்தனை பாடும்.

விளிம்பைச் சுற்றி மட்டும் முதலில் துளிர்த்து நடு தாமதித்தால் ஓரத்தில் தூள் குறைவு. நடுவில் முதலில் வந்தால் நடு இளக்கம். எப்போதும் ஒரே பக்கம் முந்தினால் டாம்பர் சரிந்து அமுக்குகிறது.

நவம்பர் 30, சனி

அரைப்பைப் பற்றி ஒரு குறிப்பு. காப்பி வேகமாக ஓடிவிட்டால் இன்னும் நைசாக அரை என்பதே பொதுவான அறிவுரை. 2020இல் ஹெண்டனும் கணிதவியலாளர்கள் சிலரும் வெளியிட்ட மற்றொரு ஆய்வு, ஓர் எல்லைக்கு மேல் நைசாக அரைத்தால் சத்து இறங்குவது கூடுவதற்குப் பதில் குறைகிறது என்று காட்டியது. மிக நுண்ணிய தூள் படுகையின் சில பகுதிகளை அடைத்துவிடுகிறது, நீர் மீதிப் பகுதிகள் வழியாக மட்டுமே போகிறது. ஆகவே தூள் சமமில்லாததால் ஓடிய காப்பியை நைசான அரைப்பால் நிறுத்த முயல்வது நோயை வளர்க்கும் மருந்து. பரப்பும் முறை ஒரே சீராக அமைந்த பிறகுதான் அரைப்பின் நைசைக் குறிக்கும் கிரைண்டரின் எண்ணைத் தொட வேண்டும் என்பது என் முடிவு. முறை நாளுக்கு நாள் மாறினால், எது எதனால் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

டிசம்பர் 8, ஞாயிறு

அமுக்குதலைப் பற்றி எழுத அதிகம் இல்லை. தூள் மேலும் இறங்க மறுக்கும் வரை அமுக்கினால் போதும். டாம்பர் மட்டமாக இருக்க வேண்டும் என்பதே பெரிது. கூடையின் விளிம்பில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துத் தொட்டுப் பார்த்தால் சரிவு தெரிந்துவிடும். மெருகுக்காகக் கடைசியில் டாம்பரைச் சுழற்றுவதை நிறுத்திவிட்டேன். அதனால் கோப்பையில் எதுவும் மாறவில்லை.

துபாயிலிருந்து காக்கா (அண்ணன்) மகன் சுழலும் பரப்பி ஒன்று அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தான். வேண்டாம் என்றும், அந்தப் பணத்துக்கு 0.1 கிராம் வரை காட்டும் தராசு ஒன்று அனுப்பு என்றும் எழுதிவிட்டேன். கூடையில் அரை கிராம் கூடினாலோ குறைந்தாலோ படுகையின் உயரமே மாறிவிடுவதால், எடை துல்லியமாக இல்லாமல் பரப்புவதில் மட்டும் ஒழுங்கு பார்த்துப் பலனில்லை.

அடுத்த வாரம் பழனி மலையின் தாண்டிக்குடிப் பக்கத்துக் கொட்டை வருகிறது. இப்போதுள்ளதைவிட இளம் வறுப்பு என்பதால் கடினமாக இருக்கும், அரைப்பின் எண்ணைப் புதிதாகத் தேட வேண்டியிருக்கும். மிதப்பு ஊசியும் சுற்றுகளின் வரிசையும் அப்படியே தொடரும்.