சொந்தப் பிள்ளை மாதிரி

பெப்ரவரி 6, வெள்ளவத்தை
அம்மாவின் றிப்போர்ட் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை வந்து கேட்கட்டாம்.

பெப்ரவரி 7
வேலைக்கு நிற்கிற பிள்ளை தாயைப் பார்க்க ஹற்றனுக்குப் போய்வர லீவு கேட்டிருக்கிறாள். "அங்கே போய் என்ன செய்யப்போகிறாள்? சொந்தப் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறோமே" என்றா சித்தி.

நித்திரை வரவில்லை. 1837இல் அமெரிக்க செனட்டில் தென் கரோலினா செனட்டர் கல்ஹூன் பேசியதுதான் மண்டைக்குள் ஓடுகிறது. அடிமைமுறை தீமையே அல்ல, நன்மை என்றார். வயதுபோன, நோயில் விழுந்த அடிமையை எசமான் குடும்பம் பார்த்துக்கொள்கிறது, ஐரோப்பாவின் ஏழையோ ஏழை விடுதியில் கிடக்கிறான் என்று ஒப்பிட்டார். முந்தின தலைமுறையில் ஜெபர்சன் போன்றவர்கள் அடிமைகளை வைத்துக்கொண்டே, இது கெட்டதுதான், விட வழியில்லை என்றார்கள். அந்தக் கூச்சமும் கல்ஹூனிடம் இல்லை. ஒழிக்கச் சொல்லும் குரல் பலக்கப் பலக்க, நியாயம் சொல்பவர்களும் துணிந்துபோனார்கள்.

பெப்ரவரி 8
அம்மா கஞ்சி முழுவதும் குடித்தா.

பெப்ரவரி 9
றிப்போர்ட் இல்லை.

அமெரிக்காவில், அடிமைகள் கிறிஸ்தவர்கள் அல்ல என்பதுதான் முதலில் சொன்ன நியாயம். அப்புறம் அடிமைகளும் ஞானஸ்நானம் பெற்றார்கள். உடனே 1667இல் வேர்ஜீனியா சட்டம் போட்டது: ஞானஸ்நானம் பெற்றாலும் விடுதலை இல்லை. காரணம் போய்விட்டது, அடிமைத்தனம் போகவில்லை. பிறகு தோல், இரத்தம், மண்டையோட்டின் அளவு. 1851இல் கார்ட்ரைட் என்ற வைத்தியர், அடிமை தப்பியோடுவதையே ஒரு நோய் என்றார், அதற்குச் சவுக்கடியையும் எழுதிக்கொடுத்தார். ஒரு வைத்தியர்!

பெப்ரவரி 10
அவளுக்கு லீவு இல்லையாம்.

பெப்ரவரி 11
வேர்ஜீனியா மேல் கோபப்படுவது சுலபம். எங்கள் யாழ்ப்பாணம்? 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த யாழ்ப்பாண வழமைச் சட்டமான தேசவழமையில் அடிமைகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. முதலியார் பதவியில் இருந்த எங்கள் ஆட்கள் 12 பேர் வாசித்துச் சரியென்றார்கள். தோல் நிறம் தேவைப்படவில்லை, சாதியும் வழமையும் போதும். 1833இல் பிரித்தானியா போட்ட ஒழிப்புச் சட்டம் இலங்கையை விலக்கிவைத்தது. இங்கே 1844 வரை அடிமைமுறை சட்டப்படி இருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியினரை உள்ளே விடாமல் மறித்து நின்றவர்களும் வழமை என்றுதான் சொன்னார்கள்.

சித்தி அடிமை வைத்திருக்கவில்லை. சம்பளம் கொடுக்கிறா, காய்ச்சல் வந்தால் மருந்து வாங்கிக் கொடுக்கிறா. எனக்கு அவவில் பாசம். ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு எது நல்லதென்று எல்லோரும் சொல்கிறார்கள், அவளிடம் யாரும் கேட்கவில்லை.

பெப்ரவரி 12
சித்தியோடு கதைத்தேன். "இங்கே அவளுக்கு என்ன குறை?" என்றா. குறை இருந்தால்தான் தாயைப் பார்க்கப் போகலாமா என்று கேட்டேன். எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா. நாளைக்கும் கேட்பேன்.