அண்ணாச்சியின் தலை

ஏப்ரல் 19, 2025, சனி
பாளையங்கோட்டை. ஆபீஸில் மூன்று பேர் சேர்ந்து பின்ஹோல் கேமரா செய்கிறோம், லென்ஸ் இல்லாமல் ஊசித்துளை வழியாகப் படம் பிடிக்கும் டப்பா. ஏப்ரல் கடைசி ஞாயிறு உலகப் பின்ஹோல் நாள், அதற்குள் ஒரு படமாவது எடுக்க வேண்டும். "கையில செல்போன வச்சிக்கிட்டு டப்பாவத் தூக்கிட்டு அலையுதியளே" என்றார் கேஷியர் அண்ணாச்சி. டப்பா கொடுத்தது என்னவோ அவர்தான். பேத்தியின் பால்பவுடர் டப்பா, உள்ளே இன்னும் அந்த வாசம்.

குளிர்பான டின்னில் வெட்டிய தகட்டை ஊசியால் குத்தி, பிசிறை உப்புத்தாளில் தேய்த்தோம். ஓட்டை சிறுக்கச் சிறுக்கப் படம் தெளியும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை, ரொம்பச் சிறுத்தால் ஒளி விளிம்பில் சிதறி மங்கிவிடும். 10 செ.மீ. டப்பாவுக்கு 0.4 மி.மீ. சரி. ஆபீஸ் ஸ்கேனரில் 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) வைத்தால் குறுக்கே 19 புள்ளி வரவேண்டும். முதல் ஓட்டை 31. மூன்றாவது 20. போதும்.

ஏப்ரல் 20, ஞாயிறு
முதல் படம். டப்பாவுக்குள் வைத்த போட்டோ தாள் முழுக்கக் கறுப்பு. பிளாஸ்டிக் மூடி வெளிச்சத்தை உள்ளே விட்டிருக்கிறது. மூடிக்குக் கறுப்பு டேப், உள்ளே கரும்பலகை பெயிண்ட்.

ஏப்ரல் 27, ஞாயிறு
காலையிலேயே கொக்கிரகுளம் பக்கம் ஆற்றங்கரை. சுலோசன முதலியார் தன் கைக்காசைப் போட்டு 1843-இல் கட்டிய பாலம் பின்னால், அண்ணாச்சி முன்னால். போட்டோ தாள் ஃபிலிமைவிட ரொம்ப மந்தம், அதனால் ஒரு நிமிஷம் திறந்து வைத்தோம். "அசையாதீங்க அண்ணாச்சி!" நாற்பது எண்ணுவதற்குள் யாரோ கூப்பிட, திரும்பி "என்னவே?" என்றார்.

பாத்ரூமில் சாமி படத்துக்குப் போடும் சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு, படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் மருந்து ஊற்றிய தட்டு. முதலில் வானம் கறுத்தது. அப்புறம் வளைவுகள். தாள் டப்பாவுக்குள் வளைந்திருந்ததால் பாலமும் வில்லாக வளைந்திருந்தது. காய்ந்ததும், கறுப்பும் வெளுப்பும் இடம் மாறியிருந்த அந்த நெகட்டிவை ஃபோனில் சரியாக மாற்றினோம். சட்டைப்பை வலப்பக்கம்! அப்போதுதான் இடவலம் மாறியிருப்பது தெரிந்து, அதையும் திருப்பினோம்.

பாலத்தில் ஒரு பஸ்கூட இல்லை, ஓடியதெல்லாம் காணாமல் போயிருந்தது. தூரத்தில் பாறைமேல் தூண்டில்காரர் ஒருவர் பொட்டாகத் தெரிந்தார். எடுக்கும்போது நாங்கள் கவனிக்கவே இல்லை. வேட்டி மடிப்பு, கட்டிய கை எல்லாம் சுத்தமாக விழுந்திருக்க, கழுத்துக்கு மேலே வெறும் புகை.

அண்ணாச்சி ரொம்ப நேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சட்டை நல்லா விழுந்திருக்கு" என்றார். வீட்டுக்கு ஒரு பிரிண்ட் வேண்டுமாம்.